யார் சொன்ன கதை? இதிகாச, புராணங்களைத் தமிழில் வாசிப்போர் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி மகாபாரதம் வாசிக்கிறோம். இது எட்டாம் ஆண்டு. தாதியர் உண்டு, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் உண்டு, தேசிய சேவையிலிருந்து வார விடுப்பில் வரும் இளைஞரும் உண்டு. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன். பகலில் ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். சமஸ்கிருதத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சுலோகத்தைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குப் பழக்கம் உண்டு. அந்த அளவில் சொல்கிறேன்.

சமஸ்கிருதம் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்தால் அது படித்ததாகுமா?

தாராளமாக ஆகும். தமிழர்கள் இந்தக் கதைகளை மூலத்தில் படித்துவிட்டுத்தான் தொழுதார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனார் பாரதத்தை வெண்பாவில் பாடினார். பின்னால் வில்லிபுத்தூரார் விருத்தத்தில் பாடினார். தேவபாடையாகிய சமஸ்கிருதத்தில் இராமகதையைச் செய்த மூவருள் முந்தியவரின் சொற்படியே தமிழ்ப் பாவில் சொல்கிறேன் என்று கம்பரே பாயிரத்தில் எழுதிவைத்தார். முந்தியவர் என்றது வால்மீகியை. இத்தனை பேர் நமக்காகச் சுமந்து வந்து இறக்கி வைத்ததைக் கையில் எடுப்பதில் என்ன குறை?

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். மந்திரம் ஓதுவதற்கானது. அங்கே ஒலிக்கே மதிப்பு. மாற்றிச் சொன்னால் அது வேறொன்றாகிவிடும். கதையும் உபதேசமும் புரிந்துகொள்வதற்கானவை. புரியாமல் நூறு முறை கீதையை ஓதுபவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அர்ச்சுனன் கேள்விமேல் கேள்வி கேட்டுப் புரிந்துகொண்ட பிறகுதான் வில்லை எடுத்தான்.

மகாபாரதத்தை வீட்டில் வைத்தால் சண்டை வரும் என்கிறார்களே?

அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நானும். ராமாயணம் இருக்கலாம், பாரதம் கூடாது, பங்காளிகளுக்குள் பிரிவு வரும் என்று என் அம்மா கடைசிவரை சொன்னார்.

ஆனால் நம் முன்னோர் செய்துவந்தது வேறு. காஞ்சிபுரத்துக்கு அருகில் கூரம் என்ற ஊரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிய செய்தி அதில் இருக்கிறது. மழை வேண்டி விராட பர்வம் வாசிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. இவ்வளவு தூரம் போவானேன்? சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1827இல் தொடங்கிய கோயில் அது. ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு அங்கே தீமிதி நடக்கிறது. அதற்கு முன் பல வாரங்கள் நடப்பவை எல்லாம் பாரதக் கதையே: திரௌபதி திருமணம், அர்ச்சுனன் தவம், அரவான் பலி. அன்றிரவு சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து பக்தர்கள் பூக்குழி இறங்குகிறார்கள். அந்தத் தீமிதிக்கு உரிய அம்மன் திரௌபதி. அவளுடைய கதையை வீட்டில் வைக்க அஞ்சுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பாரதத்தின் ஒன்பது புத்தகங்களை என் வரவேற்பறை அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.

பாட்டி சொன்ன கதை ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறு. எது சரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

அகலிகையை எடுத்துக்கொள்வோம். கௌதமரின் சாபத்தால் அவள் கல்லானாள், இராமனுடைய பாதத்தூளி பட்டுப் பெண்ணானாள் என்பது நாம் அனைவரும் அறிந்த கதை. வால்மீகியின் பாலகாண்டத்தைப் பிரித்தால் அங்கே கல் கிடையாது. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எந்த உயிரின் கண்ணுக்கும் தென்படாமல் இந்த ஆசிரமத்திலேயே இரு என்றுதான் சாபம். இராமனும் இலக்குவனும் வந்தபோது நடப்பது இன்னும் வியப்பானது: அவர்கள் இருவரும் அவளுடைய கால்களைத் தொட்டு வணங்குகிறார்கள்.

அப்படியானால் கல்லைக் கம்பர் கற்பனை செய்தாரா? அதுவும் இல்லை. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் சித்திரங்களைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். இது இந்திரன் வடிவெடுத்த பூனை, இவள் அகலிகை, இவன் கௌதமன், அவன் சினத்தால் இவள் கல்லுருவானது இப்படி என்று. கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்நாட்டில் அவள் கல்லாகிவிட்டாள். உங்கள் பாட்டி சொன்னது தவறு என்று எப்படிச் சொல்ல முடியும்? பரிபாடல் காலத்திலிருந்து வரும் கதையை அவர் உங்களிடம் சேர்த்திருக்கிறார்.

இலக்குவன் கோடு கிழித்துவிட்டுப் போன கதை வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் இல்லை, கம்பரிலும் இல்லை. சேதுவுக்கு மணல் சுமந்த அணில் வால்மீகியில் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலையை உருட்டிவர, தண்ணீரில் குளித்து மணலில் புரண்டு ஓடிய அந்தச் ‘சலமிலா அணில்’ அளவுக்குக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் உருகுகிறார். சலம் என்றால் வஞ்சனை. அந்த ஒரு சொல்லை வாசிக்கும்போது எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இராவணன் சீதையைத் தூக்கும் இடத்தில் வால்மீகி தயங்குவதில்லை. கூந்தலைப் பற்றித் தூக்கினான் என்கிறார். கம்பருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. சாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்தான் என்றார். அரவான் வியாசரில் போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கனோடு போரிட்டு மடிகிறான். களப்பலி ஆவது தமிழ்ப் பாரதத்தில். திரௌபதி கூந்தலை முடியேன் என்று சபதமிட்டதையும் வியாசரின் சபாபர்வத்தில் தேடினால் கிடைக்காது. அங்கே சபதம் செய்பவன் வீமன். பாஞ்சாலி வாயால் அந்தச் சபதத்தைத் தமிழில் நெருப்பாக்கியவர் பாரதி.

ஆகவே எது சரி என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். யார் சொன்ன கதை என்று கேட்கிறேன். வால்மீகி சொன்னதா, கம்பர் சொன்னதா, ஆழ்வார் சொன்னதா, கூத்தில் வந்ததா, தொலைக்காட்சித் தொடரில் வந்ததா? பெயரோடு சொன்னால் எல்லாக் கதைக்கும் இடமிருக்கிறது. பெயரை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ‘ராமாயணத்தில் இருக்கிறது’ என்று ஒரே மூட்டையாகக் கட்டும்போதுதான் எனக்கு வலிக்கிறது.

‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ கீதையில் எத்தனையாவது அத்தியாயம்?

எந்த அத்தியாயத்திலும் இல்லை. நாள்காட்டியிலும் கடைச் சுவர்களிலும் ‘கீதாசாரம்’ என்ற தலைப்போடு தொங்கும் அந்த வரிகள் கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் மொழிபெயர்ப்பு ஆகமாட்டா. துயரத்தில் இருப்பவருக்கு அவை ஆறுதல் தந்திருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தில் கண்ணன் ‘நடப்பது நன்றாகவே நடக்கிறது’ என்று சொல்லியிருந்தால் அர்ச்சுனன் தேரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதில் இருக்கிறது. இது உண்மையிலேயே கீதையிலிருந்து வந்தது. இரண்டாம் அத்தியாயம், 47ஆம் சுலோகம். ஆனால் சுலோகத்துக்கு நான்கு அடிகள் உண்டு. அவற்றைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படி வரும்:

செயலில்தான் உனக்கு உரிமை.
பலன்களில் ஒருபோதும் இல்லை.
செயலின் பலனையே காரணமாகக் கொண்டவன் ஆகாதே.
செயலற்றிருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம்.

பழமொழியாகும்போது நான்காம் அடி உதிர்ந்துபோயிற்று. ‘பலன் இல்லையென்றால் நான் ஏன் செய்ய வேண்டும்’ என்று கேட்பவனுக்கான பதில் அந்த அடியில்தான் இருந்தது. மூலத்தில் உள்ள சொல் ‘கர்மம்’. அதற்குக் கடமை என்று பொருள் சொல்வது ஒரு விளக்கம். பாரதியார் தம் கீதை மொழிபெயர்ப்பில் ‘தொழில்’ என்று வைத்தார். எங்கள் கூட்டத்தில் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்யும் ஒருவர், கடமை என்றபோது அது ராஜாக்களுக்குச் சொன்னதுபோல் இருந்தது, தொழில் என்றதும் எனக்குச் சொன்னதுபோல் இருக்கிறது என்றார். ஒரு சொல்லை எடைபோட்டு வைக்க மொழிபெயர்ப்பாளர் ஏன் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

கதை முழுவதையும் ஒரே மூச்சில் அறிய ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ இரண்டும் போதும். பின்னதற்கு 1958இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. எளிய, சுத்தமான உரைநடை. அவை சுருக்கங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

முழு மகாபாரதம் வேண்டுமென்றால் தமிழில் இரண்டு பெரிய உழைப்புகள் உண்டு. ஒன்று, ம. வீ. இராமானுஜாசாரியார் பண்டிதர்களைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து வெளியிட்ட கும்பகோணம் பதிப்பு. கால் நூற்றாண்டு அதற்கே தம்மைக் கொடுத்தார். நடை பழையது, வடசொல் மிகுதி. மற்றொன்று, கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை ஆங்கிலத்தில் வெளியிட்டதை அருட்செல்வப் பேரரசன் தனியொருவராக 2013இல் தொடங்கி 2020இல் தமிழாக்கி முடித்தது. இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு ஆயிற்றே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பர்வத்தை முடித்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

சைவ மரபில் வளர்ந்தவர்கள் பெரிய புராணத்திலோ திருவிளையாடலிலோ தொடங்கலாம். அங்கே மொழிபெயர்ப்பே தேவையில்லை, நல்ல உரை போதும். திருவிளையாடலின் 64 கதைகளில் ஒன்றை எடுத்தால் அன்றிரவே முடித்துவிடலாம்.

என் மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். ஆங்கிலத்தில்தான் சரளமாக வாசிக்கிறாள். ஆங்கிலப் புத்தகமே வாங்கித் தரவா?

தாருங்கள். கதை தெரிவது முதலில். கதையே தெரியாத பிள்ளைக்குத் தமிழ் மேலும் பாரமாகிவிடும்.

அதோடு நிற்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். படுக்கும் முன் பத்து நிமிடம் நீங்கள் தமிழில் உரக்க வாசியுங்கள், அவள் கேட்கட்டும். நம் பிள்ளைகள் வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ், பள்ளியில் எழுதுவது எழுத்துத் தமிழ். எழுத்துத் தமிழைக் காதால் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. கேட்டுப் பழகிய மொழி கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது.

தமிழில் கேட்டால்தான் தெரிகிற ஒன்றும் இருக்கிறது. எங்களோடு வந்து உட்காரும் ஒரு சிறுவன் ஆங்கிலத்தில் பாரதக் கதையை இரண்டு முறை படித்தவன். தமிழில் ஏகலைவன் கதையை வாசித்தபோது இடைமறித்துக் கேட்டான்: “ஆன்ட்டி, துரோணர் என்று ‘ர்’ போடுகிறீர்கள். ஏகலைவனுக்கு மட்டும் ஏன் ‘ன்’?” அவன் படித்த ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவருக்கு ‘ர்’, கொடுத்தவனுக்கு ‘ன்’. நாம் யோசிக்காமல் சொல்லிவரும் விகுதியை ஒன்பது வயதுப் பிள்ளை பிடித்துவிட்டான். அன்றைக்கு அதற்குமேல் பக்கம் நகரவில்லை.

ஏகலைவன், சம்புகன் போன்ற கதைகளை என்ன செய்வது? பிள்ளைகளுக்கான புத்தகங்களில் விட்டுவிடுகிறார்களே?

விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வயதுக்கு ஏற்றபடி சொல்லும் முறையை மாற்றலாம், நடந்ததை மாற்றக்கூடாது. சில பதிப்புகளில் ஏகலைவன் குருபக்திக்கு உதாரணமாக மட்டும் வருகிறான். கதை விரலோடு முடிந்து, கீழே பக்தியைப் பாராட்டி இரண்டு வரி. அப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் மூடி வைத்தேன்.

ஆதிபர்வத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிஷாத மன்னன் மகன் முகம் மாறாமல் வலக்கைக் கட்டைவிரலை அறுத்துக் கொடுக்கிறான். அடுத்து எய்தபோது அம்பு முன்போல் விரையவில்லை. உடனே வியாசர் அர்ச்சுனன் பக்கம் திரும்பி ஒரு சொல் சொல்கிறார்: ‘விகதஜ்வர:’. காய்ச்சல் நீங்கியவன் ஆனான். ஒரு பையனின் விரல் போன பிறகு இன்னொரு பையனின் காய்ச்சல் தணிந்தது. பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. அந்தச் சொல்லை ‘மகிழ்ந்தான்’ என்று மழுப்பிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

தவம் செய்ததற்காக இராமனால் கொல்லப்பட்ட சூத்திரன் சம்புகன். அவன் கதை உத்தர காண்டத்தில் வருவது. கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்திக்கொண்டார். உத்தர காண்டத்தைப் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞர்கள் பலர். நம் மரபில் அது இருக்கிறது, படித்தவர்கள் அதைக் கண்டித்தும் இருக்கிறார்கள். இரண்டையும் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாம், அவர்களால் தாங்க முடியும். சபையில் திரௌபதி கேட்டாளே, தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, என்னைத் தோற்ற பிறகு தன்னை வைத்தாரா என்று. தருமம் நுட்பமானது என்று பீஷ்மரே தடுமாறினார். கேள்வி கேட்பவளை மறைக்காத நூல் இது. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

வேதமும் உபநிடதமும் தமிழில் கிடைக்குமா?

கிடைக்கும். நான்கு வேதங்களையும் தமிழாக்கியவர் ம. ரா. ஜம்புநாதன். ரிக் வேதத்தில் மட்டும் 1,028 சூக்தங்கள், அதாவது துதிப்பாடல்கள். நேராக அதில் இறங்கினால் களைத்துப்போவீர்கள். இராமகிருஷ்ண மடம் உபநிடதங்களை உரையோடு வெளியிட்டிருக்கிறது. கட உபநிடதத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் அது ஒரு வீட்டில் நடக்கும் கதையாகத் தொடங்குகிறது.

அப்பா வேள்வி செய்து பசுக்களைத் தானம் கொடுக்கிறார். சிறுவன் நசிகேதன் அந்தப் பசுக்களைப் பார்க்கிறான். குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவை, மேய வேண்டிய புல்லை மேய்ந்து தீர்த்தவை, கறக்க வேண்டிய பாலைக் கறந்து தீர்ந்தவை, புலன்கள் ஓய்ந்தவை. நான்கே சொற்களில் கிழட்டு மாடுகள் கண்முன் நிற்கின்றன. அப்போது அவனுள் ‘சிரத்தை’ புகுந்தது என்கிறது உபநிடதம். நம்பிக்கை, அக்கறை, மெய்யான ஈடுபாடு மூன்றும் சேர்ந்த சொல் அது. ‘சிரத்தையாகப் படி’ என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதே சொல்தான். அதை மொழிபெயர்க்காமல் விட்டவர்களே நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்.

ரயிலில் கைப்பேசியில் படிக்கலாமா? அசைவம் சாப்பிட்ட நாளில்? மாதவிடாய் நாள்களில்?

வாசிக்கலாம். பூசையில் வைத்துப் பாராயணம் செய்வதற்கு உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதைப் பின்பற்றுங்கள். வாசித்து அறிவதற்குத் தடையில்லை. சபைக்கு இழுத்துவரப்பட்டபோது திரௌபதி ஒற்றையாடையில், மாதவிடாயில் இருந்தாள் என்று சபாபர்வமே சொல்கிறது. அந்த நிலையில் அவள் தருமம் பேசினாள்.

மகாபாரதம் ஒரு லட்சம் சுலோகம் என்கிறார்கள், புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுகிறதே?

ஒரே மூலப் பிரதி என்று ஒன்று இல்லை. புனேயில் உள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966 வரை 1,259 சுவடிகளை ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்றை உருவாக்கியது. அதில் சுமார் 74,000 சுலோகங்கள். தென்னாட்டுச் சுவடிகள் நீளமானவை. கும்பகோணம் பதிப்பு அந்த வழியில் வந்தது. நீங்கள் வாங்கும் புத்தகம் எந்தச் சுவடிப் பாடத்தைப் பின்பற்றுகிறது என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறதா, அத்தியாய எண் இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். இரண்டும் இருந்தால் வாங்கலாம். பணம் செலவிட மனமில்லையென்றால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் தமிழ் அலமாரிகளில் முதலில் தேடுங்கள்.

உங்கள் வாசிப்புக்கு வரலாமா? இடையில் சேர்ந்தால் புரியுமா?

வாருங்கள். ஒவ்வொரு வாரமும் முன்கதையைப் பத்து நிமிடம் யாராவது சொல்வார்கள். இப்போது வன பர்வத்தில், சூதில் எல்லாம் இழந்த தருமனுக்குப் பிருகதசுவர் நளன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை, நள்ளிரவில் நளன் தமயந்தியின் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு காட்டில் அவளை விட்டுப் போகும் இடம். போகிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். இதே இடத்தைப் புகழேந்தி நளவெண்பாவில் எப்படிப் பாடினார் என்று அந்தத் துறைமுகப் பெரியவர் மனப்பாடமாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்காலிகள் பன்னிரண்டுதான் இருக்கின்றன, மடக்கு நாற்காலி இருந்தால் எடுத்து வாருங்கள்.